பழி ஓரிடம், பாவம் ஓரிடம்



குடும்பம், பிள்ளை வளர்ப்பு, பெண்களின் உரிமை என்று பேசிவரும் இந்தப் பக்கத்தில் இம்மாதம் நாயைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் குண்டசாலைப் பகுதியில் வீடு வீடாகச் சென்றுவரும் எனக்கு இதுவும் ஒரு குடும்பப் பிரச்சினையாகவே தெரிகிறது.

திகன, பல்லேகலைப் பக்கங்களில் காணித் துண்டு வாங்கி, மதில் கட்டி, வீடு எழுப்பியவர்கள் பலர். மதிலுக்குள் ஒரு நாய் வேண்டும், அதுவும் பார்த்தவுடன் பயம் வரும் நாயாக இருக்க வேண்டும் என்பது சில வீட்டு ஆண்களின் ஆசை. அந்த ஆசையில் முதலில் வரும் பெயர் பிட்புல். வாங்கி வருபவர் கணவர் அல்லது மகன். மறுநாளிலிருந்து அதற்குச் சோறு வைப்பதும், கழிவை அள்ளுவதும், பக்கத்தில் விளையாடும் குழந்தையைக் கவனிப்பதும் வீட்டுப் பெண்ணின் வேலை. அல்லது தோட்டத்திலிருந்து வீட்டு வேலைக்கு வந்த பெண்ணின் வேலை. வாங்கும்போது மட்டும் இவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

பிட்புல் பிறவியிலேயே கொலைகார நாய் என்பார் சிலர். அது குழந்தைகளுக்குத் தாதி போன்ற நாய் என்று வளர்ப்பவர்கள் கூறுவார்கள். இரண்டுமே முழு உண்மையல்ல. இதை விளங்கிக்கொள்ள அந்த நாயின் வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் காளையையும் கரடியையும் கட்டிவைத்து, அவற்றின் மீது நாய்களை ஏவிவிட்டு வேடிக்கை பார்க்கும் வழக்கம் நூற்றாண்டுக் கணக்கில் இருந்தது. 1835ஆம் ஆண்டு பிரித்தானிய நாடாளுமன்றம் இதைத் தடைசெய்தது. காளையை வைத்து நடத்தும் வேடிக்கையை மறைக்க முடியாது. ஆனால் ஒரு மறைவான குழிக்குள் இரண்டு நாய்களை மோதவிடுவதை மறைக்கலாம். அதற்காக புல்டோக்கின் பலத்தையும் டெரியரின் வேகத்தையும் கலந்து ஒரு நாயை உருவாக்கினார்கள். ‘பிட்’ என்பது அந்தச் சண்டைக் குழி. ‘புல்’ என்பது காளை. ஆகவே பெயரிலேயே மனிதன் செய்த கொடுமையின் வரலாறு இருக்கிறது. குடியேறியவர்களோடு இந்த நாய் அமெரிக்கா சென்றது. 1898இல் அங்கே அது ஒரு தனி இனமாகப் பதிவு செய்யப்பட்டது.

அமெரிக்காவில் இவ்வகை நாய் ஒரு காலத்தில் வீரத்தின் சின்னமாகவும் இருந்தது. முதலாம் உலகப் போரில் படையினரோடு பிரான்ஸ் சென்ற ‘ஸ்டபி’ என்ற நாய், இதே சாயல் கொண்டது. நாடு திரும்பியபோது மக்கள் அதைக் கொண்டாடினார்கள். பிற்காலத்தில் சட்டவிரோத நாய்ச்சண்டைக்காரர்களின் கையில் இந்நாய் சிக்கியபோது அதே நாட்டில் அதன் பெயர் கெட்டது. நாயின் பிறப்பு மாறவில்லை. அதைப் பிடித்திருந்த கை மாறியது.

இதற்கு இன்னோர் உதாரணம் உண்டு. 2007ஆம் ஆண்டு அமெரிக்கக் காற்பந்து வீரர் மைக்கல் விக்கின் காணியிலிருந்து ஏறத்தாழ 50 பிட்புல் நாய்கள் மீட்கப்பட்டன. சண்டைக்கு வளர்க்கப்பட்டவை என்பதால் எல்லாவற்றையும் கொன்றுவிட வேண்டும் என்று பலர் கூறினர். நிபுணர்கள் ஒவ்வொன்றாகப் பரிசோதித்தபோது, மூர்க்கத்துக்காகக் கொல்லப்பட்டது ஒன்றே ஒன்றுதான். பெரும்பாலானவை காப்பகங்களுக்கும் குடும்பங்களுக்கும் சென்றன. 2022இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய தகவல்களை ஆராய்ந்தது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வேறுபாட்டில் இனத்தால் விளக்கக்கூடியது சுமார் 9 வீதமே என்பது அதன் முடிவு.

இதனால் பயமில்லை என்று எண்ணிவிட வேண்டாம். பிட்புல்லின் தாடை பூட்டிக்கொள்ளும் என்பது கட்டுக்கதை. ஆனால் கவ்வியதை எளிதில் விடாத பிடிவாதமும், உடல் வலிமையும் உண்மையானவை. எல்லா நாயும் கடிக்கலாம். இதன் கடி உயிரைப் பறிக்கலாம். 2022 ஜூலையில் இந்தியாவின் லக்னோ நகரில் 82 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மகன் வளர்த்த பிட்புல்லால் வீட்டுக்குள்ளேயே கடியுண்டு இறந்தார். 2025 ஆகஸ்டில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் அயல்வீட்டுப் பிட்புல் கடித்து ஒருவர் உயிரிழந்தார். நாயைத் தடுக்க முயன்ற அதன் உரிமையாளரான பெண்ணும் காயமடைந்தார்.

அப்படியானால் தடைசெய்துவிட்டால் போதாதா? அமெரிக்காவின் டென்வர் நகரம் 1989இல் பிட்புல்லைத் தடைசெய்தது. இரண்டு ஆண்டுகளின் பின் அதே நகரில் நடந்த நாய்க்கடிகளை ஆராய்ந்தபோது, கடித்தவை வேறு நாய்கள். கடித்த நாய்களில் ஆண் நாய்கள், கருத்தடை செய்யப்படாதவை, சங்கிலியில் கட்டி வளர்க்கப்பட்டவை ஆகியன கூடுதலாக இருந்தன. 1993இல் தடைவிதித்த நெதர்லாந்தும், கடிகள் குறையாததால் 2008இல் அதை நீக்கியது. இந்திய மத்திய அரசு 2024 மார்ச்சில் 23 இனங்களைத் தடுக்க விடுத்த சுற்றறிக்கையை, அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது.

சங்கிலி என்றதும் குண்டசாலையில் நான் கண்ட ஒரு வீடு நினைவுக்கு வருகிறது. கார் நிறுத்தும் இடத்தில் ஆறடிச் சங்கிலியில் ஒரு பிட்புல். குட்டியாக வந்த நாளிலிருந்து அது கேற்றைத் தாண்டியதில்லை. வேலைக்கு வந்த தங்கை, சோற்றுத் தட்டை விளக்குமாற்றுக் கட்டையால் தள்ளி வைத்தாள். “மிஸ், இது கடிக்கிற சாதி” என்றாள். நாய்க்கு நாம் ‘சாதி’ என்ற சொல்லையே பாவிக்கிறோம்; விலை கூடினால் ‘சாதி நாய்’. பிறப்பை வைத்துக் குணத்தை முடிவுசெய்யும் பழக்கம் என்ன செய்யும் என்பது, ‘தோட்டத்துப் பிள்ளை’ என்ற ஒரு சொல்லால் ஒதுக்கப்பட்ட நம் பெண்களுக்குத் தெரியாததல்ல. அந்த நாய் மனிதக் கையை அறிந்ததில்லை, கட்டையையே அறிந்திருந்தது. அதை மூர்க்கமாக்கும் வேலை அந்த வீட்டிலேயே நாள்தோறும் நடந்துகொண்டிருந்தது. வீட்டு அம்மாவோடு பேசினேன். அதன் பின் வேலி அடைத்து இடம் விட்டார்கள். வாங்கிய மகனே சோறு வைக்கிறான்.

ஆகவே சகோதரிகளே, நாய் வாங்கும் பேச்சு வீட்டில் எழும்போது சில கேள்விகளைத் துணிந்து கேளுங்கள். தினமும் யார் வெளியே நடத்திச் செல்வது? யார் பழக்குவது? அது பாய்ந்தால் இழுத்துப் பிடிக்கும் பலம் வீட்டில் யாருக்கு இருக்கிறது? பதில் இல்லையென்றால் அந்த நாய் உங்கள் வீட்டுக்கு ஏற்றதல்ல. ஏற்கெனவே இருந்தால் குட்டிப் பருவத்திலேயே மனிதரோடு பழக்குங்கள், அடிக்காதீர்கள், எந்நேரமும் கட்டிவைக்காதீர்கள். கருத்தடை, தடுப்பூசி பற்றி மிருக வைத்தியரிடம் கேளுங்கள். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. எந்த இனமானாலும் சிறுபிள்ளையையும் நாயையும் தனியே விடவேண்டாம். வேலைக்கு வரும் பெண்ணிடம் நாயை ஒப்படைக்காதீர்கள். மறுக்கும் உரிமை அவளுக்கு உண்டு. எந்த நாய் கடித்தாலும் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பிட்புல்லின் கதையில் பழி நாயின் மேல் விழுகிறது. கடியோ, வாங்கியவரை விட்டுச் சோறு வைப்பவளின் மேல் விழுகிறது. நாய்க்குரிய பொறுப்பை அதை வாங்கியவரின் கையிலேயே கொடுப்போம்.