கடையில் வாங்கலாமா... காப்பகத்தில் கேட்கலாமா?

'ஒரு நாய்க்குட்டி வாங்கித் தாங்கப்பா' என்று வீட்டில் அடம்பிடிப்பவரா நீங்கள்? கடைக்குக் கிளம்பும் முன், நாடு முழுக்கப் பேசப்பட்ட ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

2025 ஆகஸ்ட் 11ம் தேதி, டில்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் இருக்கும் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாய்க்கடியும், அதனால் பரவும் ரேபிஸ் நோயும்தான் காரணம். 'அத்தனை நாய்களுக்கும் இடம் எங்கே?' என்ற கேள்வி எழுந்தது.

ஆகஸ்ட் 22ம் தேதி, மூன்று நீதிபதிகள் அந்த உத்தரவை மாற்றினார்கள். கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம். ரேபிஸ் தாக்கிய நாய்களையும் மூர்க்கமான நாய்களையும் மட்டும் விடக்கூடாது என்றார்கள். நவம்பர் 7ம் தேதி இன்னொரு உத்தரவு வந்தது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிபடும் நாய்களைத் திரும்ப அங்கே விடாமல் காப்பகத்தில் வைக்க வேண்டும்!

ஆகஸ்ட் 22 உத்தரவில் நமக்கான ஒரு விஷயமும் இருந்தது. விருப்பம் உள்ளவர்கள் தெருநாயைத் தத்தெடுக்கலாம். ஆனால், அது மறுபடியும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு.

காப்பகத்தில் யார் இருக்கிறார்கள்?

சென்னையில் உள்ள 'ப்ளூ கிராஸ்' அமைப்பை 1959ல் தொடங்கியவர் விமானி கேப்டன் சுந்தரம். தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யலாம் என்று 1964லேயே வேலையை ஆரம்பித்த அமைப்பு இது. இதுபோன்ற காப்பகங்களுக்கு, விபத்தில் அடிபட்ட நாய்கள் மட்டும் வருவதில்லை. ஆசையாக விலை கொடுத்து வாங்கி, அலுத்துப்போனதும் கைவிடப்பட்ட வெளிநாட்டு நாய்களும் வருகின்றன.

கண்ணுக்குத் தெரியாத அம்மா

கடையில் துள்ளி விளையாடும் குட்டி நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதன் அம்மா? அது எங்கோ ஒரு கூண்டில் இருக்கலாம். ஒரு குட்டி விற்றால், அடுத்த குட்டிக்குத் தேவை வரும். அம்மா நாய் மறுபடியும் மறுபடியும் குட்டி போட்டாக வேண்டும்.

இதைக் கட்டுப்படுத்த நம் நாட்டில் 2017லும் 2018லும் விதிகள் வந்தன. எட்டு வாரம் நிறையாத நாய்க்குட்டியை விற்கக்கூடாது. கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பிரான்ஸ் ஒரு படி மேலே போனது. 2024 முதல் அங்கே கடைகளில் நாய், பூனை விற்கவே தடை!

'பக்' நாயை நினைவிருக்கிறதா? 2003ல் ஒரு செல்போன் விளம்பரத்தில் சிறுவன் பின்னாலேயே ஓடிவந்து, திடீரென்று பிரபலமானது. பாவம், தட்டை மூக்கால் அதற்கு மூச்சுவிடவே சிரமம். அடர்ந்த ரோமம் கொண்ட ஹஸ்கி, பனிப் பிரதேச நாய். நம்ம ஊர் நாட்டு நாய்க்கோ இந்த வெயில் பழக்கம்.

தத்தெடுத்தால் போதுமா?

போதாது. தெருவில் இருக்கும் எல்லா நாய்க்கும் வீடு கிடைக்காது. கருத்தடையும் தடுப்பூசியும் குப்பை இல்லாத தெருவும் கட்டாயம் வேண்டும். ஆனால், ஒரு நாய் வீட்டுக்குப் போனால், காப்பகத்தில் இன்னொரு நாய்க்கு இடம் கிடைக்கும். ஒரே முடிவில் இரண்டு உயிர்களுக்கு நிம்மதி!

கேட்பதற்கு முன் யோசியுங்கள்

* நாய் 10 முதல் 15 ஆண்டுகள் வாழும். நீங்கள் கல்லூரிக்குப் போன பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்?

* வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? வாடகை வீடு என்றால், வீட்டுக்காரருக்கும் சம்மதமா?

* ரேபிஸ் தடுப்பூசி, டாக்டர் செலவு, தினமும் நடைபயிற்சி... இதற்கெல்லாம் நேரமும் பணமும் உண்டா?

* தெருவில் பார்க்கும் நாயை நீங்களாகத் தூக்கி வராதீர்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே பெரியவர்களிடம் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். திட்டுவார்கள் என்று பயந்து மறைக்கவே கூடாது!

எல்லாக் கேள்விக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மாவோடு பக்கத்தில் உள்ள காப்பகத்துக்குப் போய்ப் பாருங்கள். 'இல்லை' என்றால், கொஞ்சம் காத்திருப்பதும் ஒரு வகை அன்புதான். என்ன குட்டீஸ், சரிதானே?