துறைக்குத் துறை மாறும் கடல்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தமிழ் நாளிதழ்களின் வானிலைப் பத்தியில் பெரிதாக மாறாமல் இடம்பெறும் செய்தி ஒன்று உண்டு. மன்னார் வளைகுடா, தென்தமிழகக் கடலோரம், குமரிக்கடல் பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசும், மீனவர்கள் அங்கே போக வேண்டாம் என்பதுதான் அது. ஊருக்குள் இருப்பவர்கள் அதைக் கடந்துபோய்விடலாம். நீரோடி முதல் தனுஷ்கோடி வரை கரையில் வாழ்பவர்களுக்கு அன்றைய பிழைப்பே அந்தச் செய்தியில்தான் இருக்கிறது. ராமேசுவரத்தில் எச்சரிக்கை நாட்களில் விசைப்படகுகளுக்கு மீன்வளத்துறையின் அனுமதிச் சீட்டு கிடைக்காது. காற்று மெய்யாகவே பலமாக வீசும் காலம் இது. எச்சரிக்கை தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இவ்வளவு பரந்த கடலுக்கும் இத்தனை நாட்களுக்கும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் சொல்லப்படும் எச்சரிக்கை, உயிர் காக்கும் வேலையைப் பாதிதான் செய்கிறது. எந்தத் திசைக் காற்று, எத்தனை வினாடிக்கு ஒரு அலை, முகத்துவாரத்தில் எப்போது வற்றம் என்று ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியே சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதற்கான அறிவும் கருவியும் நம்மிடம் இருக்கின்றன.

தென்கடல் ஒரே கடல் அல்ல என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் அங்குள்ளவர்கள் அழைப்பார்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கரையில் அலை கொந்தளிக்கும் அதே நேரத்தில், நிலம் மறைத்து நிற்கும் வடக்குக் கரை பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். வாடைக்காலத்தில் நிலைமை தலைகீழாகும். குமரி மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான். அதற்குள்ளேயே இரண்டு மீன்பிடித் தடைக்காலங்கள்: கிழக்கே சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டினத்துக்கும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குமரிமுனைக்கு இரு பக்கமும் வேறு வேறு கடல் என்பதை அரசின் ஆணையே ஒப்புக்கொள்கிறது. காற்றிலும் அப்படித்தான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து, முப்பந்தலின் காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்று, உவரி, பெரியதாழை, மணப்பாடு கரைகளில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கச்சான் எனப்படும் இந்தக் காற்று ஓங்கி அடிக்கும் நாளில் அங்கே கரையோரக் கடல் தட்டையாகவே தெரியும். எஞ்சின் பழுதான படகைக் காற்று ஆழ்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போவதுதான் ஆபத்து. குளச்சலில் அதே காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வருகிறது. படகு கரை சேரும் இடத்திலேயே அலை மடக்கிக் கவிழ்க்கும். இரண்டு இடத்துக்கும் 55 கிலோமீட்டர் வேகம் என்ற ஒரே எண்ணைக் கொடுத்தால், எந்தப் படகோட்டிக்கு அது என்ன சொல்கிறது?

அலையின் உயரத்தைச் சொல்கிறோமே என்று பதில் வரலாம். உயரம் மட்டும் போதாது. முன்னறிவிப்பில் வரும் அலை உயரம் என்பது, வரும் அலைகளில் பெரிதான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. இரண்டு மீட்டர் என்று சொன்னால், கிட்டத்தட்ட நான்கு மீட்டரில் ஒரு தனி அலை வருவது வியப்பில்லை. அதைவிட முக்கியமானது, ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட நேரம். உள்ளூர்க் காற்று எழுப்பும் அலை ஐந்தாறு வினாடிக்கு ஒன்று வரும். ஆழ்கடலில் அதன் நீளம் 40 முதல் 55 மீட்டர். தொலைவில் பிறந்து வரும் 18 வினாடி அலையின் நீளம் சுமார் 500 மீட்டர். இரண்டும் ஒரே உயரம் என்றாலும், பின்னது கரைக்குக் கொண்டுவரும் ஆற்றல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆழ்கடலில் படகுக்கு அடியில் மெல்லத் தூக்கிவிட்டுப் போகும் இந்த அலை, கரையை நெருங்கி ஆழம் குறையும்போது நிமிர்ந்து எழுகிறது. கடல் வீட்டு வாசல் வரை ஏறிவிட்டு, போகும்போது மணலையும் ஆளையும் சேர்த்து இழுக்கிறது.

கள்ளக்கடல் என்று குமரியிலும் கேரளத்திலும் சொல்லப்படுவது இதுவே. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், நிலநடுக்கோட்டிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வீசும் புயல்கள் எழுப்பும் அலைகள் நாலைந்து நாள் பயணித்து நம் கரையைத் தொடுகின்றன. பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில். மேலே வானம் தெளிந்திருக்கும், காற்றும் இருக்காது. 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இப்படிப்பட்ட அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். அந்த அலைகள் வரப்போவது முன்கூட்டியே தெரியும். ஹைதராபாத்தில் உள்ள தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், பலரும் ‘இன்காய்ஸ்’ என்று அழைக்கும் நிறுவனம், எச்சரிக்கை கொடுத்திருந்தது. அறிவியல் தன் கடமையைச் செய்த இடம் இது. மாநிலங்களின் பெயரையும் மாவட்டங்களின் பெயரையும் தாங்கி வந்த அந்தச் செய்தி, வெயில் அடிக்கும் ஒரு காலைப் பொழுதில் குறிப்பிட்ட ஒரு கரையில் நிற்பவரின் காலைப் பின்னுக்கு இழுக்கும் அளவுக்குப் போய்ச் சேரவில்லை. காற்றைப் பார்த்தே கடலை எடைபோடப் பழகிய நமக்கு, காற்றில்லாத நாளின் ஆபத்தைக் காரணத்தோடு சொன்னால்தான் புரியும்.

ஓதத்தின் கதை இன்னும் மோசம்; அது பேசப்படுவதே இல்லை. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் கடல் பத்து மீட்டர் ஏறி இறங்குகிறது. நம் தென்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். இவ்வளவு சின்ன ஓதத்தை எதற்குக் கணக்கில் எடுப்பது என்று கேட்பவர்கள், குமரிமுனைக்கு ஒரு அமாவாசையையொட்டிப் போய்ப் பார்க்கலாம். கடல் நீர்மட்டம் தாழ்ந்ததென்று விவேகானந்தர் பாறைக்குப் படகு நிறுத்தப்படும் நாட்கள் அங்கே அடிக்கடி வருகின்றன. தேங்காய்ப்பட்டினம் துறைமுக முகத்துவாரத்தில் இதே சின்ன ஓதம் உயிர்ப் பிரச்சினை. குழித்துறைத் தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் அது. நுழைவாயிலில் மணல் சேர்ந்து மேடாகிறது. பொதுவாக, அலையின் உயரம் அது நிற்கும் நீரின் ஆழத்தில் முக்கால் பங்கைத் தாண்டும்போது உடைகிறது. மேட்டின் மேல் மூன்று மீட்டர் ஆழம் இருக்கும்போது ஒன்றரை மீட்டர் அலை உடையாமல் கடந்துவிடும். வற்றத்தில் அந்த ஆழம் ஒரு மீட்டர் குறைந்தால் அதே அலை அங்கேயே நிமிர்ந்து மடக்கும் நிலைக்கு வந்துவிடும். வற்றத்தோடு ஆற்றுநீரும் வெளியே பாய்ந்தால் எதிரில் வரும் அலை இன்னும் செங்குத்தாகும். வலைநிறைய மீனோடு திரும்பும் படகின் பின்புறம் தாழ்ந்திருக்கும். வாசலுக்கு வெளியே நின்று, பெரிய அலைகள் கடந்துபோகும் வரை காத்திருந்து, இடைப்பட்ட ஓய்வில் ஒரு அலையின் முதுகிலேயே, அதை முந்தாமல், உள்ளே வர வேண்டும். அங்கே படகு கவிழ்ந்து இறந்தவர்கள் பலர். அவர்களில் எத்தனை பேருக்கு அன்றைய வற்றத்தின் மணி சொல்லப்பட்டிருக்கும்? இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. காற்றைப் போலல்லாமல், ஓதத்தின் நேரத்தை ஓராண்டுக்கு முன்பே கணித்துவிடலாம். வானிலைச் செய்தியில் அதற்கு இடமில்லாமல் போனதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு அதிகாரிகள் தரப்பில் எழும் மறுப்பு வலுவானது. அதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. துறைவாரியாகச் சொல்லி, ஒரு துறையில் போகலாம் என்று குறித்து, அங்கே ஒரு படகு மூழ்கினால் யார் பொறுப்பு? எல்லோரையும் நிறுத்திவைப்பதில் வருமானம் போகலாம், உயிர் போகாது என்பார்கள். புயல் உருவாகும் நாட்களுக்கு இந்த வாதம் முழுக்கச் சரி. 2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, மறுநாள் முற்பகலுக்குள் குமரிக்கடலில் புயலாகிவிட்டது. அப்படிப்பட்ட நாளில் துறைக்கொரு நுணுக்கம் பேச நேரமில்லை. ஒரே சொல்லில் நிறுத்த வேண்டும். அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டுமென்றால் அதைச் சாதாரண நாட்களில் செலவழிக்கக் கூடாது. நான்கு மாதம் தினமும் போகாதே என்று கேட்டு, அதில் பாதி நாள் தன் துறையில் கடல் அடங்கிக் கிடப்பதைக் கண்ணால் பார்த்தவர், ஐந்தாவது மாதம் வரும் போகாதே என்பதை எப்படி எடுத்துக்கொள்வார்? கடன் வாங்கி டீசல் போட்ட குடும்பத்தில் எச்சரிக்கையை மீறுவது திமிர் அல்ல, கணக்கு. பொதுவான எச்சரிக்கை நிர்வாகத்தின் பொறுப்பைக் குறைக்கிறது. படகின் ஆபத்தைக் குறைக்கிறதா என்பதுதான் கேள்வி.

இன்னொரு மறுப்பு கரையிலிருந்தே வருகிறது. கடலை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், வாடையும் கொண்டலும் சோழகமும் கச்சானும் நாங்கள் பெயரிட்டவை, நீவாடு என்னும் நீரோட்டத்தின் போக்கைப் பார்த்தே வலை இறக்குகிறோம் என்கிறார்கள். அந்த அறிவின் மேல் எனக்கு முழு மரியாதை உண்டு. எந்தக் கணினி மாதிரிக்கும் தெரியாத பார்களையும் சுழிகளையும் அது அறிந்திருக்கிறது. ஆனால் அது கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் கடலின் அறிவு. தென்கோடியில் எழுந்த புயலுக்கு நம் வானத்தில் அடையாளம் இல்லை. ஒக்கி வருவதற்குப் பல நாள் முன்பே, கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் புறப்பட்டு, கைப்பேசிக் கோபுரத்தின் எல்லையைத் தாண்டிப் போயிருந்தவர்களுக்கு, எவ்வளவு அனுபவம் இருந்தும் செய்தி எட்டவில்லை. அரபிக்கடலின் சூடு கூடிவருவதால் பழைய பருவக் கணக்குகளும் தடுமாறுகின்றன. தொலைவைச் செயற்கைக்கோளும் மிதவைகளும் பார்க்கட்டும், பக்கத்தைக் கரைக்காரர் பார்க்கட்டும். இரண்டையும் ஓரிடத்தில் சேர்ப்பதுதான் முன்னறிவிப்பின் வேலை.

ஒரு கிராமத்து அளவுக்குத் துல்லியமாகச் சொல்ல அறிவியலால் முடியுமா என்று கேட்கலாம். ஒவ்வொரு சுழற்காற்றையும் சொல்ல முடியாது. ஆனால் காற்றின் திசை, தொலை அலையின் உயரமும் இடைவெளியும், நீரோட்டம் ஆகியவற்றை இன்காய்ஸ் ஏற்கெனவே பல நாள் முன்னதாகக் கணித்து வெளியிடுகிறது. குறை கடைசிக் கட்டத்தில்: ஆங்கிலமும் வண்ண வரைபடமுமாக இருப்பதை ஒரு துறையின் வாசலுக்குப் பொருந்தும் நாலு வரியாக மாற்றித் தர ஆள் இல்லை. அதுவும் புதிய யோசனை அல்ல. புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம் கால் நூற்றாண்டுக்கு முன்பே அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னது. பாம்பனில் 2016-இல் தொடங்கிய கடல் ஓசை சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே ஒலிபரப்பாகிறது. அன்று அந்நிய நாட்டுக் கடற்படையின் தரவை வைத்து ஒரு கிராமம் செய்ததை, இன்று சொந்த மாதிரிகளும் மிதவைகளும் உள்ள நாடு எல்லாத் துறைகளிலும் செய்ய முடியாது என்று சொல்வது ஏற்கத்தக்கதல்ல.

செய்ய வேண்டியது கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மீன்பிடித் துறைமுகத்திலும் இறங்குதளத்திலும் பயிற்சி பெற்ற ஒருவர், முடிந்தால் அந்த ஊர்க்காரர், காலையும் மாலையும் பலகையில் எழுதி ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும்: கச்சான் இத்தனை கிலோமீட்டர், தென்மேற்கிலிருந்து 16 வினாடி அலை ஒன்றரை மீட்டர், பத்தரை மணிக்கு வற்றம், வாசலில் அலை மடக்கும், ஒரு மணிக்குப் பிறகு உள்ளே வருவது நல்லது. நம்பிக்கை எவ்வளவு என்பதையும் மறைக்காமல் சேர்க்க வேண்டும். திரும்பி வந்த படகோட்டிகளிடம் கடல் எப்படி இருந்தது என்று கேட்டுப் பதிந்து ஹைதராபாத்துக்கும் சென்னைக்கும் அனுப்ப வேண்டும். ஓரிரு பருவத்தில் எந்தத் துறையில் கணிப்பு பிசகுகிறது என்று தெரிந்துவிடும். ஆழ்கடலுக்குப் போகும் படகுகளுக்கு, 2024-இல் நாடு முழுவதும் ஒரு லட்சம் படகுகளுக்கென அறிவிக்கப்பட்ட டிரான்ஸ்பாண்டர்கள் வழியே இதே செய்தி தமிழில் போக வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் ஒரு துறையில் போகாதே என்று அரசு சொன்னால், அந்த நாளின் கூலியில் ஒரு பகுதியையாவது அரசு ஏற்க வேண்டும். மீன் பெருகுவதற்காக 61 நாள் தொழிலை நிறுத்தும்போது குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தடைக்கால நிவாரணம் தருகிறோம். உயிரைக் காக்க நிறுத்தும் நாட்களுக்கும் அதுபோல ஒரு தொகையை ஒதுக்க, மீன்வளத்துறையின் அடுத்த மானியக் கோரிக்கையிலேயே இடம் இருக்கிறது.