பழைய பிரதிகள் நிரம்பிய தரவுத்தளமும் ஏறாத தமிழ் எச்சரிக்கையும்

பதுளையில் இயங்கும் அரச அலுவலகம் ஒன்றின் இணையத்தளத்துக்குப் பொறுப்பான உயர் அதிகாரி அவர்களுக்கு,

தங்கள் அலுவலகத்துக்கு எழுத்திலும் நேரிலும் செய்யப்பட்ட முறையீடுகள் உரிய பதிலின்றிக் கிடப்பதால், இம்மடல் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படுகிறது. அரச கருமமொழி பற்றிய விதிகளும் அனர்த்த அறிவித்தல் பற்றிய நடைமுறைகளும் தாங்கள் நன்கறிந்தவை என்பதால் அவற்றை எடுத்துரைக்க வேண்டியதில்லை. மழைக்காலத்து இரவு ஒன்றில் நடந்ததைச் சொன்னாலே போதும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மூன்று படிகளைக் கொண்டது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்கச் சொல்லும் மஞ்சளும், 100 ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகச் சொல்லும் செம்மஞ்சளும், 150 ஐத் தாண்டினால் உடனே வெளியேறச் சொல்லும் சிவப்பும் விடுக்கப்படுகின்றன. அன்றிரவு தங்கள் தளத்தின் சிங்களப் பக்கம் மஞ்சளிலிருந்து செம்மஞ்சளுக்கு மாறியது. தமிழ்ப் பக்கத்தில் அதே மாற்றத்தைச் செய்த உத்தியோகத்தர் ‘புதுப்பி’ என்ற பொத்தானை அழுத்தியபோது, சேமிக்க முடியவில்லை என்ற சிவப்பு வரி மட்டுமே திரையில் வந்தது. மீண்டும் மீண்டும் அழுத்தியும் அதுவே வந்தது. விடியும்வரை பசறையிலும் லுணுகலையிலும் லயத்துக் காம்பராக்களில் தொலைபேசியைத் திறந்து பார்த்தவர்களுக்கு, வெளியேற ஆயத்தமாகும்படி சொல்லும் அறிவித்தல் தமிழில் கிடைக்கவில்லை.

காரணம் மழையும் அல்ல, மின்வெட்டும் அல்ல. தளத்தின் எழுத்துகள் அனைத்தையும் அட்டவணைகளாகச் சேமித்து வைக்கும் தரவுத்தளத்துக்கு ஒதுக்கப்பட்ட இடம் தீர்ந்துபோயிருந்தது. எஞ்சியிருந்த சிறிதளவையும் சிங்களப் பக்கத்தின் சேமிப்பு எடுத்துக்கொண்டதும், சேர்வர் புதிதாக எதையும் எழுத மறுத்துவிட்டது. அந்த இடத்தை நிரப்பியிருந்தவை மக்கள் படிக்கும் பக்கங்கள் அல்ல. அவற்றின் பழைய பிரதிகளே.

தங்கள் தளம் இயங்கும் வேர்ட்பிரஸ் போன்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்கள், ஒரு பக்கம் திருத்திச் சேமிக்கப்படும் ஒவ்வொரு தடவையும் அதன் பிரதி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்கின்றன. தவறு நேர்ந்தால் பழையதற்குத் திரும்புவதற்கான இந்த ஏற்பாடு நல்லதுதான். ஆனால் வேர்ட்பிரஸ் மாறிய சொல்லை மட்டும் குறித்துவைக்காமல் பக்கத்தின் முழு உரையையும் திரும்ப எழுதுகிறது. தோட்டத்துச் செக்ரோல் என்னும் வரவுப் புத்தகத்தில் ஒருவருடைய ஒரு நாள் வரவைத் திருத்துவதற்குப் புத்தகம் முழுவதையும் புதிதாக எழுதி, பழைய புத்தகத்தையும் அலுமாரியிலேயே வைத்திருப்பதற்கு இது ஒப்பாகும். எத்தனை பிரதிகளை வைத்திருக்கலாம் என்று யாரும் சொல்லாதவரை அம்மென்பொருள் தானாக எல்லை எதையும் வகுத்துக்கொள்வதில்லை.

தங்கள் அலுவலகமோ ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் புதிய பக்கம் திறக்காமல், பிரதேச செயலகப் பிரிவுகளின் நீண்ட பட்டியலைக் கொண்ட ஒரே பக்கத்தையே ஆண்டுக்கணக்காகத் திருத்திவந்தது. யூனிகோடின் UTF-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட்டில் அடங்க, தமிழ்க் குறியீடும் சிங்களக் குறியீடும் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைப் பிடிக்கின்றன. வேர்ட் கோப்பிலிருந்து அப்படியே ஒட்டப்படும் பட்டியலோ கண்ணுக்குத் தெரியாத வடிவமைப்புக் குறிகளையும் சுமந்து வருகிறது. இவ்வாறான பக்கமொன்று சராசரியாக 50 கிலோபைட் என்று கொண்டால், 400 திருத்தங்களில் அது 20 மெகாபைட்டாகவும் மூன்று மொழிகளிலும் சேர்த்து 60 மெகாபைட்டாகவும் பெருகும். கேள்விமனு, நியமனப் பட்டியல், வீதி மூடல் என்று தளத்தின் ஏனைய பக்கங்களும் இதே வழியில் பெருகியவையே.

அமைப்புக் கோப்பில் ஒரே வரியைச் சேர்த்து, பக்கமொன்றுக்கு ஐந்தோ பத்தோ பிரதிகள் போதும் என்று சொல்லியிருந்தால் அந்த இரவு நேர்ந்திருக்காது. இது தங்களுக்கு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. அதற்குக் கிடைத்த, மேலதிக இடம் வாங்க நிதி இல்லை என்ற பதில், கேட்கப்படாத ஒன்றுக்குச் சொல்லப்பட்ட பதிலாகும்.

அதன் பின்னர் செய்யப்பட்டதோ இன்னும் பாரதூரமானது. அலுவலகம் எல்லாப் பக்கங்களின் பழைய பிரதிகளையும் ஒரேயடியாக அழித்தது. எச்சரிக்கைப் பக்கத்தின் வரலாறும் அவற்றோடு போயிற்று. எந்த மணிக்கு எந்த மொழியில் என்ன நிறம் காட்டப்பட்டது என்பதற்கு இருந்த ஒரே சான்று அதுதான். சலுகைக் கட்டண விளம்பரத்தின் எழுத்துப்பிழைத் திருத்தத்துக்கும் மண்சரிவு எச்சரிக்கைக்கும் வேறுபாடு காணாத கை, பதிவேடுகளைப் பாதுகாக்கத் தகுதியுள்ளது என்று எவ்வாறு நம்புவது? போதாக்குறைக்கு, அழிக்கப்பட்ட வரிகள் விட்ட இடம், அட்டவணையை மறுபடி கட்டியெழுப்பாதவரை வட்டுக்குத் திரும்புவதில்லை என்பதும் கவனிக்கப்படவில்லை. சான்று அழிந்தது, கோப்போ சுருங்கவில்லை.

வீங்கிய தரவுத்தளத்தைக் காப்புப்பிரதி எடுக்க நேரம் கூடுகிறது. அது இடையில் அறுந்தால் முழுமையான காப்புப்பிரதி கிடைக்காது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரச முகில் கட்டமைப்பு கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் மீட்க முடியாமற்போயின. அமைச்சரவை அலுவலகமும் அதிலிருந்து தப்பவில்லை. காப்புப்பிரதி இல்லாமையின் விலை என்னவென்று நாடு ஏற்கெனவே கற்றிருக்கிறது.

அதைவிடப் பெரிய விலையை ஊவா கொடுத்திருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் புதைந்தபோது, அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005 இலும் 2011 இலும் விடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. யாருக்குச் சொல்லப்பட்டது, எம்மொழியில் சொல்லப்பட்டது, யார் கேட்டும் அசையாதிருந்தார்கள் என்ற கேள்விகள் அன்று எழுந்தன. அவற்றுக்கு விடை பதிவேடுகளில்தான் கிடைக்கும். அத்தகைய பதிவேட்டை இடம் போதாது என்று அழித்த அலுவலகம், அந்த மலைச்சரிவுகளில் இன்னும் குடியிருப்பவர்களின் முகத்தை நோக்க வேண்டும்.

சாதாரணப் பக்கங்களுக்குப் பிரதி எல்லை இன்றே வகுக்கப்படட்டும். எச்சரிக்கைகள் ஒவ்வொன்றும் தனிப் பக்கமாக, நேரம் குறிக்கப்பட்டு, தரவுத்தளத்துக்கு வெளியேயும் கோப்பாகக் காக்கப்படட்டும். காப்புப்பிரதியிலிருந்து தளத்தை மீட்டுப் பார்க்கும் ஒத்திகை அடுத்த பருவமழைக்கு முன் நடக்கட்டும். அன்றிரவு தமிழ்ப் பக்கம் ஏன் மஞ்சளிலேயே நின்றது என்ற விளக்கம், தங்கள் கையொப்பத்துடன், அதே தமிழ்ப் பக்கத்தில் வெளியிடப்படட்டும்.