கழகம் யாருடையது?

தமிழில் ‘கழகம்’ என்னும் சொல்லுக்கு இருவேறு முகங்கள் உண்டு. கம்பர் தம் நாட்டுப் படலத்தில் இளமகளிர் பந்து பயிலும் இடத்தையும், இளைஞர் கலை பயிலும் கழகத்தையும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறார். அங்கே கழகம் என்பது கூடிக் கற்கும் இடம். வள்ளுவரோ சூது அதிகாரத்தில் அதே சொல்லைச் சூதாடும் களத்திற்குப் பெயராக வழங்குகிறார். அங்கே கழகம் என்பது கைப்பொருளை இழக்கும் இடம். இன்றைய கால்பந்துக் கழகங்களின் நடப்பைக் காணும்போது, இவ்விரண்டில் எந்தப் பொருளில் அவற்றைக் கழகம் என்று அழைக்கிறோம் என்னும் ஐயம் எழுகிறது.

நான் ஆட்டக்காரன் அல்லன், பயிற்சியாளனும் அல்லன். காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, காலரியில் அமர்ந்து, தொண்டை வறளக் கத்திவிட்டு, இரவுப் பேருந்தில் மலையேறி வீடு திரும்பும் பல்லாயிரவருள் ஒருவன். அந்த ஒருவனுக்கும் சொல்வதற்குச் சில உண்டு என்பதே இக்கட்டுரையின் துணிவு.

மலையில் வளர்ந்த ஆட்டம்

நீலகிரியில் சமதளம் என்பது அரிய பொருள். தேயிலைத் தொழிற்சாலையின் அருகே, இலை ஏற்றிவரும் லாரி திரும்புவதற்கென்று வெட்டிச் சமன்செய்த நிலமே எங்கள் ஆடுகளம். ஒருபுறம் கற்பூர மரங்கள், மறுபுறம் பள்ளத்தாக்கு. பந்து தேயிலைச் செடிகளுக்குள் உருண்டுவிட்டால் அதைத் தேடி எடுப்பதற்குள் பனிமூட்டம் திடலை மூடிவிடும். வெலிங்டன் படைமுகாமின் வீரர்கள் ஆடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்துப் பழகியோர் உண்டு. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும், படுகர் ஊர்களின் இளைஞர்களும், கூடலூர்ப் பக்கத்து மலையாளம் பேசும் நண்பர்களும் ஒரே பந்தின் பின்னால் ஓடியதைக் கண்டு வளர்ந்தவன் நான்.

அந்தத் தோட்டப் போட்டிகளில் ஒரு வழக்கம் இருந்தது. போட்டி முடிந்த மறுவாரம், வரவு செலவுக் கணக்கைத் தாளில் எழுதித் தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். லைன் வீடுகளில் தண்டிய பணம் இவ்வளவு, சுண்ணாம்பு வாங்கியது இவ்வளவு, நடுவருக்குக் கொடுத்தது இவ்வளவு, வெளியூர் அணிக்குச் சோறு போட்டது இவ்வளவு என்று வரிவரியாக இருக்கும். மீந்த சில்லறை அடுத்த ஆண்டுப் பந்துக்கு. அந்தத் தாளின்முன் நின்று ஐந்து ரூபாய் கொடுத்தவரும் கேள்வி கேட்பார். செயலாளர் விடை சொல்வார். மேலாண்மை என்னும் பெரிய சொல்லை அறியாத எளியவர்கள், மேலாண்மையின் முதற்பாடத்தை அறிந்திருந்தார்கள்: பணம் கொடுத்தவனுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

கோவையில் கண்ட உச்சி

2016-17 பருவத்தில் ஐ-லீக் போட்டிக்குள் நுழைந்த சென்னை சிட்டி கால்பந்துக் கழகம், அடுத்த பருவத்தில் தன் ஆட்டங்களைக் கோவை நேரு விளையாட்டரங்கிற்கு மாற்றிக்கொண்டது. பெயர் சென்னையினுடையதாயினும் நீலகிரியாருக்கு அதுவே அண்டை வீட்டு அணியாயிற்று. குன்னூரில் பேருந்து ஏறி, பர்லியாறு வளைவுகளில் இறங்கி, மேட்டுப்பாளையம் கடந்தால் தேசிய அளவிலான கால்பந்தைக் கண்ணெதிரே காணலாம் என்பது எங்களுக்குப் புதுமை.

2019 மார்ச் 9-ஆம் நாளை மறக்க இயலாது. பருவத்தின் இறுதி ஆட்டம். கோழிக்கோட்டில் அதே நேரத்தில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் அணியுடன் மோதிக்கொண்டிருந்தது. கோவையில் மினர்வா பஞ்சாப் அணி தொடக்கத்திலேயே ஒரு கோல் அடித்துவிட்டது. அரங்கம் உறைந்தது. பின்னர் பெட்ரோ மான்சி பெனால்டியைக் கோலாக்கினார். கௌரவ் போரா இரண்டு கோல்கள் அடித்தார். 3-1. ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகளோடு நிற்க, 43 புள்ளிகளோடு நம் அணி பட்டம் வென்றது. ஐ-லீக் பட்டம் வென்ற முதல் தமிழ்நாட்டு அணி அதுவே. சிங்கப்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸை ஆட்டக்காரர்கள் சூழ்ந்து நின்றபோது, முன்பின் அறியாத மனிதர்கள் காலரியில் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர்.

காணாமற்போன அணி

அதன்பின் நிகழ்ந்தவற்றை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் 2019-இல் 26 விழுக்காடு பங்கை வாங்கியது. பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. 2020-இல் ஆசியப் போட்டிகளில் ஆடும் பேறும் கிட்டியது. ஆனால் மாலத்தீவின் மாசியா அணியுடனான ஏ.எஃப்.சி. கோப்பை ஆட்டம், சொந்த மண்ணின் ஆட்டம் என்று பெயர் பெற்றிருந்தும், கோவையில் நடக்கவில்லை. குசராத்தின் அகமதாபாத்தில் நடந்தது. பெருந்தொற்றினால் 2020-21 பருவம் முழுவதும் மேற்கு வங்கத்தில் நடந்தது. அப்பருவத்திற்குப் பின் ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை. ஐந்தே பருவங்கள், ஒரு பட்டம், பிறகு வெறுமை.

என் வருத்தம் அணி வீழ்ந்தது பற்றியதன்று. வெல்வதும் வீழ்வதும் விளையாட்டின் இயல்பு. பட்டம் வென்ற நாளில் கண்ணீர் வடித்த பார்வையாளர்களுள் ஒருவருக்கேனும், அக்கழகம் எப்படி நடக்கிறது என்று கேட்கும் உரிமை இருந்ததில்லை. தோட்டத்துத் தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டப்பட்டது போன்ற ஒரு தாளைத் தேசியப் பட்டம் வென்ற கழகத்தின் காலரியில் நாங்கள் கண்டதில்லை.

இது ஓர் அணியின் கதை மட்டுமன்று. இந்திய சூப்பர் லீக்கின் உரிம ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதாக இருந்தது. புதுப்பிப்பது பற்றி உடன்பாடு எட்டப்படாமையால் 2025 சூலையில் போட்டியே நிறுத்திவைக்கப்பட்டது. 2015-லும் 2017-18-லும் பட்டம் வென்ற சென்னையின் கழகம் ஆகஸ்டில் தன் பணிகளை நிறுத்திவைப்பதாக அறிவிக்க நேர்ந்தது. பருவம் 2026 பிப்ரவரிக்குத் தள்ளிப்போயிற்று. நடுவில் ஊதியம் குறித்து அஞ்சியவர்கள் ஆட்டக்காரர்கள். செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் ரசிகர்கள். பேச்சுவார்த்தை மேசையில் இரு சாராருக்கும் நாற்காலி இல்லை.

சீட்டு வாங்கும் துன்பம்

மேலாண்மையின் முகத்தை ரசிகன் முதலில் காணுமிடம் சீட்டு விற்கும் சாளரம்தான். சில ஆண்டுகளுக்குமுன் சமவெளி நகரொன்றில் ஆட்டம் காணத் தோட்டத்து இளைஞர் மூவரோடு சென்றிருந்தேன். அரைநாள் கூலியை விட்டு வந்தவர்கள் அவர்கள். அரங்கின் சாளரம் மூடியிருந்தது. இணையவழியில் மட்டுமே சீட்டு என்று காவலர் சொன்னார். மூவருள் ஒருவரிடமே அத்தகைய கைப்பேசி இருந்தது. அதிலும் பணம் செலுத்தும் வசதி இல்லை. பக்கத்துத் தேநீர்க் கடையருகே ஒருவர் அதே சீட்டை இருமடங்கு விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாங்கினோம். உள்ளே சென்று பார்த்தால் காலரியில் பாதி காலி! இருக்கை காலியாயிருக்க, ரொக்கத்தோடு நிற்பவனை வாயிலில் திருப்பியனுப்பும் வணிகத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை.

சீட்டு ஒழுங்கு என்பது வசதி பற்றியது மட்டுமன்று; உயிர் பற்றியதும் ஆகும். 1980 ஆகஸ்டு 16-இல் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகான்–ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது எழுந்த கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் மாண்டனர். 2025 சூன் 4-இல் பெங்களூரு சின்னசாமி அரங்கின் வாயில்களில் கிரிக்கெட் வெற்றி விழாவுக்குத் திரண்ட கூட்டத்தில் 11 பேர் உயிரிழந்தனர். இலவச நுழைவுச் சீட்டு பற்றிய குழப்பமும் அன்று பேசப்பட்டது. யார் உள்ளே வரலாம், எத்தனை பேர், எந்த வாயில் வழியாக என்பதைத் தெளிவாகச் சொல்வது அலுவலகச் சடங்கன்று, அறம்.

ரசிகர் குரல் எடுபடுமா?

“கால்பந்து நட்டத்தில் நடக்கும் தொழில், பணம் போடுபவர்தாம் முடிவெடுப்பார், சீட்டு வருவாய் ஆட்டக்காரர் ஊதியத்தில் ஒரு மூலைக்கும் போதாது” என்பர் நிருவாகத்தினர். இதில் உண்மை உண்டு. ஆனால் அந்த வருவாய் சிறிதென்றால், அதற்காக ஏழை ரசிகனை வாட்டுவானேன்? நிறைந்த காலரியைக் காட்டித்தானே விளம்பரதாரரை அழைக்கிறார்கள்! கூச்சலிடும் கூட்டமே கழகத்தின் மூலதனம். மூலதனம் தந்தவனை வாடிக்கையாளன் என்று மட்டும் கருதுவது கணக்குப் பிழை.

ரசிகர் குரல் எடுபட்ட இடங்களும் உள. 1889-இல் தோன்றிய மோகன் பகானின் பெயருக்குமுன் 2020-இல் வேறோர் அணியின் பெயர் ஒட்டவைக்கப்பட்டது. ஆதரவாளர்கள் மூன்றாண்டுகள் எதிர்த்தனர். 2023-இல் அந்த ஒட்டு நீங்கியது. கேரள பிளாஸ்டர்ஸ் அணியின் ‘மஞ்சப்பட’ ரசிகர்கள் 2024 டிசம்பரில் நிருவாகத்தின் போக்கைக் கண்டித்துச் சீட்டு விற்பனையிலிருந்து விலகி நின்றனர். இங்கிலாந்தில் லிவர்பூல் கழகம் 77 பவுண்டு விலையில் சீட்டு வைத்தபோது, 2016 பிப்ரவரியில் ஓர் ஆட்டத்தின் 77-ஆம் நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினர். சில நாள்களிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றனர்.

எல்லாவற்றினும் என் மனத்தைத் தொட்டது விம்பிள்டன் அணியின் வரலாறு. 2002-இல் அக்கழகத்தை வேறோர் ஊருக்குப் பெயர்த்துச் செல்ல அனுமதி கிடைத்தது. கைவிடப்பட்ட ரசிகர்கள் அழுதுகொண்டு வீட்டில் இருந்துவிடவில்லை. அதே ஆண்டில் தாங்களே புதியதொரு கழகத்தை அமைத்து, அடிமட்டப் போட்டியில் தொடங்கினர். 2011-இல் அது தொழில்முறை லீக்கிற்குள் நுழைந்தது. 2020-இல் பழைய அரங்கின் அருகே, பிளவ் லேனிலேயே, புதிய அரங்கில் காலடி வைத்தது. கோவையில் அணி மறைந்தபோது நமக்கு ஏன் அப்படியொரு எண்ணம் தோன்றவில்லை?

நம்மீதும் குறை உண்டு

விடை நம்மிடமே இருக்கிறது. ‘பாஸ்’ கிடைக்குமா என்று கேட்பது நம்மிடையே பெருமையாகிவிட்டது. தெரிந்த அதிகாரி வழியாக இலவசமாக நுழைபவன், சாளரத்தில் நின்று காசு கொடுத்தவனைவிட உயர்ந்தவனாக எண்ணப்படுகிறான். இலவசமாக வந்தவனுக்குக் கேள்வி கேட்கும் வாயில்லை. வென்றபோது மாலையோடு சென்ற நாம், அணி தோற்ற மாதங்களில் காலரியைக் காலியாக விட்டோம். ஐரோப்பிய அணிகளின் சட்டையை விரும்பி அணியும் நம் இளைஞருள் எத்தனை பேர் மாவட்ட லீக் ஆட்டத்தை ஒருமுறையேனும் சென்று பார்த்திருப்பர்?

வேண்டுவன

ஆதலின் இருதரப்பிற்கும் சில சொல்வேன். எந்த ஆட்டத்திற்கும் ஒரு பங்குச் சீட்டுகளை அரங்கின் சாளரத்தில் ரொக்கத்திற்கு விற்க வேண்டும். மாணவர்க்கும் தொழிலாளர்க்கும் குறைந்த விலையில் ஒரு காலரி ஒதுக்க வேண்டும். ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டால் பணம் திரும்பும் வழியைச் சீட்டிலேயே அச்சிட வேண்டும். மலையூர்களிலிருந்து வருவோர் கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் வகையில் நேரம் குறிக்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை கணக்கை வெளியிட்டு, பருவச்சீட்டு வாங்கியோர் தேர்ந்தெடுக்கும் ஒருவருக்கேனும் நிருவாகக் குழுவில் இடமளிக்க வேண்டும். செருமனியில் பெரும்பாலான கழகங்களின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினரிடமே இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. நாம் பாதி கேட்கவில்லை; ஒரு நாற்காலி கேட்கிறோம்.

ரசிகராகிய நாமும் காசு கொடுத்துச் சீட்டு வாங்குவோம், தோல்வியிலும் உடனிருப்போம், கணக்குக் கேட்போம். இம்மலரைப் படிக்கும் மாணவர்கள் நாளை வங்கியிலும் அலுவலகத்திலும் அமரப்போகிறவர்கள். தம் ஊர்க் கழகத்தின் கணக்கைப் பார்த்துத் தர ஆண்டில் ஒரு மாலை ஒதுக்குவது அவர்களுக்கு அரிதன்று.

அன்று கோவையில் வாங்கிய சீட்டின் அடிக்கட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. எழுத்து மங்கிவிட்டது. அதைக் காணும்போதெல்லாம் தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டிய அந்தக் கணக்குத் தாளும் உடன் நினைவுக்கு வருகிறது. அந்தத் தாள் இருந்த இடத்தில் ஆட்டம் நின்றுபோகவில்லை. கூடிக் கற்கும் இடமா, கைப்பொருள் இழக்கும் இடமா என்பதை இனியேனும் நம் கழகங்கள் முடிவு செய்யட்டும். முடிவு செய்யும் மேசையில் நாமும் அமர்வோம்.