எங்கட காது பிழையில்லை

போன மாதம் எங்கட கூட்டத்தில ஒரு சின்னச் சண்டை வந்தது. அரசியல் இல்லை, சினிமாவும் இல்லை. சுப்பர் மரியோவின் முதற் கட்டத்துப் பாட்டு எந்த வேகத்தில் போகவேணும் என்பதுதான் பிரச்சினை. நண்பன் ஒருவன் அதை லப்டொப்பில் போட்டான். "என்னடா, ஆரோ பின்னால நிண்டு கலைக்கிற மாதிரிப் போகுது" என்றேன். "இதுதான் மச்சான் ஒறிஜினல். நீ சின்ன வயசில கேட்டது சைனாப் பெட்டிச் சத்தம். அது பிழை" என்றான். இருந்த எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது.

ஒரு பாட்டை இரண்டு மூன்று வருசம், ஒவ்வொரு பின்னேரமும், கரண்ட் நிண்டால் ஏங்கி, வந்தால் ஓடிப்போய்க் கேட்டு வளர்ந்த ஒருத்தனிடம் "நீ கேட்டது பிழை" என்று சொல்ல முடியுமா? முடியும் என்று நினைக்கிற ஒரு பெரிய கூட்டமே இருக்கு. பழைய விளையாட்டுகளின் இசையைச் சேர்த்து வைக்கிற, அதைப் பற்றி எழுதுகிற ஆக்களில் பலருக்கு ஜப்பான் பதிப்புத்தான் மூலம். மற்றதெல்லாம் அந்த மூலத்தின் சேதாரம். இந்தக் கட்டுரை அந்த நினைப்புக்கு எதிரானது.

முதலில் விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். நின்டென்டோ 1983இல் ஜப்பானில் விற்கத் தொடங்கிய ஃபமிகொம் பெட்டியில் ஐந்து ஒலித் தடங்கள் இருந்தன. இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், பதிவுசெய்த சத்தத் துணுக்குகளுக்கு ஒன்று. இந்த ஐந்துக்குள்தான் மரியோவின் பாட்டும். பெரும்பாலான விளையாட்டுகளில் பாட்டின் தாளத்தை ரீவிதான் தீர்மானித்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பாவித்த என்.ரி.எஸ்.சி முறையில் திரை செக்கனுக்கு ஏறக்குறைய 60 தரம் புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு தரமும் பாட்டு ஒரு அடி முன்னால் போகும். ஐரோப்பாவிலும் இலங்கையிலும் பாவித்தது பால் முறை. அதில் செக்கனுக்கு 50 தரம். அதே நிரலை அப்படியே ஓடவிட்டால் பாட்டு ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் போகும். அங்கே 60 செக்கனில் முடிகிற துண்டு இங்கே 72 செக்கன் எடுக்கும்.

வேகம் மட்டுமில்லை, சுருதியும் மாறும். நின்டென்டோ ஐரோப்பாவுக்குச் செய்த பெட்டியின் மூளை கொஞ்சம் மெதுவான கடிகாரத்தில் ஓடியது. நிரலைத் திருத்தாவிட்டால் பாட்டு அரைச் சுரத்துக்கும் சற்று அதிகமாகக் கீழே இறங்கிவிடும். ஆனால் எங்கட கைக்கு வந்தது நின்டென்டோவின் பெட்டியே இல்லை. ஏ9 பாதை திறந்த பிறகு மாமா கொழும்பிலிருந்து கொண்டு வந்தது ஒரு குளோன். நாங்கள் அதை "ரீவி கேம்" என்றுதான் சொல்லுவம். மஞ்சள் கசட்டின் மேல் நூற்றுக்கணக்கான விளையாட்டு என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டுதான், மற்றதெல்லாம் அதே விளையாட்டு வேற பெயரில்.

பால் ரீவிக்காகச் செய்த இப்படியான குளோன்கள் பலவற்றில் ஒரு விசேசம் உண்டு. ஜப்பான் கசட்டுகள் உள்ளே போனால் படம் குழம்பக் கூடாது என்பதற்காக, கடிகாரத்தை ஜப்பான் பெட்டிக்குக் கிட்டவாக வைத்தார்கள். அதனால் சுருதி அநேகமாக அப்படியே இருந்தது, வேகம் மட்டும் குறைந்தது. இன்னொன்று: பல குளோன் சிப்புகளில் சதுர அலையின் இரண்டு வடிவங்கள் இடம் மாறியிருந்தன. இசையமைப்பாளர் மெல்லிய, மூக்கால் பாடுகிற மாதிரியான ஓசை கேட்ட இடத்தில் உருண்டையான ஓசை வந்தது, உருண்டை கேட்ட இடத்தில் மெல்லியது வந்தது. ஆக, நாங்கள் கேட்டது ஜப்பானின் பாட்டும் இல்லை, ஐரோப்பாவின் பாட்டும் இல்லை. அது மூன்றாவது ஒன்று.

"அதைத்தானே பிழை எண்டு சொல்லுறன்" என்பான் நண்பன். சரி, அவனுடைய மூலத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்பம்.

ஜப்பான் பதிப்பே மேல் என்பவர்கள் எப்போதும் நீட்டுகிற உதாரணம் கொனாமியின் காசில்வேனியா 3. ஜப்பானில் 1989இல் 'அகுமாஜோ டென்செட்சு' என்ற பெயரில் வந்தபோது, கசட்டுக்குள்ளேயே வி.ஆர்.சி.6 என்ற தனிச் சிப் இருந்தது. இரண்டு சதுர அலையும் ஒரு ரம்பப்பல் அலையும் கூடுதலாகக் கிடைத்தன. ஃபமிகொமின் 60 முள் கசட் வாசலில், பெட்டியின் சத்தம் கசட்டுக்குள் போய்க் கலந்து திரும்பி வர வழி இருந்தது. அமெரிக்காவுக்குப் போன பெட்டியில் வாசல் 72 முள்ளாகப் பெருத்தது, ஆனால் அந்த வழி மட்டும் கசட்டுக்கு இல்லாமல் போனது. 1990இல் விளையாட்டு அமெரிக்காவுக்குப் போனபோது எட்டுத் தடத்துப் பாட்டை ஐந்து தடத்துக்குள் திருப்பி எழுதினார்கள்.

எதை வைத்திருப்பது, எதை விடுவது, ரம்பப்பல் அலையில் ஓடிய அடிக்குரலை எந்தத் தடத்துக்குக் கொடுப்பது என்று ஒருவர் இருந்து யோசித்துச் செய்த வேலை அது. வில்லுப்பாட்டுக் குழுவில் இரண்டு பேர் வராத நாளில் மிச்சப் பேர் பிரித்துப் பாடுகிற மாதிரி. அந்தப் பாட்டைப் 'பழுதான கொப்பி' என்று சொன்னால் அந்த உழைப்பையும் சேர்த்துத்தான் தள்ளிவிடுகிறோம். ஒத்துக்கொள்கிறேன், ஜப்பான் பதிப்பு என் காதுக்கும் கூடுதல் நிறைவாய்த்தான் இருக்கு. ஆனால் ஒன்று எனக்குப் பிடிச்சிருக்கு என்பதும் மற்றது பிழை என்பதும் ஒரே வசனம் இல்லை.

இதோடு இன்னொரு கதையும் கட்டுவினம். ஜப்பானியருக்கு மெட்டுத்தான் முக்கியம், அமெரிக்கருக்கு அதிரடி வேணும், அதனால்தான் நாட்டுக்கு நாடு சத்தம் மாறினது எண்டு. இது வெறும் புலுடா. மாறியதற்குக் காரணம் பெரும்பாலும் முள்ளும் கடிகாரமும் காசும். சேகா 1987இல் ஜப்பானில் விற்ற மாஸ்டர் சிஸ்டத்துக்குள் வை.எம்.2413 என்ற எஃப்.எம் இசைச் சிப் இருந்தது. வெளிநாட்டுக்கு அனுப்பிய பெட்டியில் அது இல்லை. ஜப்பானில் 'ஃபன்டசி ஸ்ரார்' விளையாடியவன் மணியோசை மாதிரிக் கேட்டதை மற்ற நாட்டுக்காரன் சாதாரண பீப் சத்தத்தில் கேட்டான். இதில் எந்த நாட்டு ரசனை இருக்கு? ஒரு சிப் போடவில்லை, அவ்வளவுதான். உண்மையிலேயே ரசனை பார்த்து மாற்றியது என்றால் 1993இன் 'சோனிக் சி.டி'யைச் சொல்லலாம். அமெரிக்கப் பதிப்புக்குச் சேகாவின் அமெரிக்கக் கிளை ஸ்பென்சர் நில்சனிடம் பெருமளவு புது இசை வாங்கியது. அதுவும் ஒரு கொம்பனியின் முடிவுதான். எந்த அமெரிக்கப் பிள்ளையும் கேட்டு வாங்கவில்லை.

50 என்றால் பிழை, 60 என்றால் சரி என்பதும் நிக்காது. கொமடோர் 64 கணினியை எடுங்கோ. இங்கிலாந்தில் ரொப் ஹபர்ட் மாதிரியான ஆக்கள் 1985ஐ ஒட்டி அதற்கு எழுதிய பாட்டுகள் 50க்காகவே எழுதப்பட்டவை. அவற்றை அமெரிக்க கொமடோரில் அப்படியே போட்டால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓடும். இங்கே ஐரோப்பாக்காரன் கேட்டது மூலம், அமெரிக்கன் கேட்டது 'பிழை'. அதுமட்டுமில்லை, அந்தக் கணினியின் முதல் சிட் சிப்பான 6581இன் ஃபில்டர் சிப்புக்குச் சிப் வித்தியாசமாக ஒலித்தது. பக்கத்து வீட்டுப் பெட்டியில் அதே பாட்டு கொஞ்சம் இருட்டாகக் கேட்கலாம். இதில் ஒறிஜினல் எந்த வீட்டில் இருக்கு?

இதைச் சொல்கிறேன் என்பதற்காகக் கொம்பனிகளுக்கு வக்காலத்து வாங்கவில்லை. 50க்குத் திருத்தாமல் விட்டது பெரும்பாலும் அலட்சியம்தான். செய்ய முடியாத வேலை இல்லை அது. 1991இல் ஐரோப்பாவுக்கு வந்த முதல் சோனிக் பாட்டு இழுபட்டது, அடுத்த வருசம் வந்த சோனிக் 2இல் பாட்டின் வேகத்தைச் சரிப்படுத்தினார்கள். சுப்பர் நின்டென்டோவில் ஒலிக்கென்று சொந்தக் கடிகாரத்தோடு தனிப் பகுதியே இருந்தது, அதனால் ஐரோப்பாவிலும் பாட்டு பெரும்பாலும் வேகம் குறையாமல் போனது. ஆக, அலட்சியம் கொம்பனியுடையது. அதன் நடுவில் உட்கார்ந்து கேட்ட பிள்ளையின் காதில் என்ன பிழை? இசையமைப்பாளர் என்ன நினைத்தார் என்பது ஒரு கேள்வி. சனம் என்ன கேட்டது என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்கு விடை தெரிந்தவுடன் இரண்டாவதை அழிக்கிற உரிமை ஒருத்தருக்கும் கிடையாது.

அழிக்கப்படுகிறது என்று சும்மா சொல்லவில்லை. ஒரு பழைய விளையாட்டின் பாட்டைத் தேடினால் பெரும்பாலும் ஒரு பதிவுதான் முன்னுக்கு வரும், 60இல் ஓடுகிற சுத்தமான பதிவு. எந்தப் பெட்டி, எந்த ரீவி முறை என்று கீழே ஒரு வரி எழுதினவர்கள் குறைவு. பத்து வருசம் இப்படியே போனால் மற்ற வேகங்களில் அது ஒலித்தது என்பதே கதையாகிவிடும். பிறகு எங்கட ஞாபகத்துக்கு நாங்களே சாட்சி சொல்ல ஏலாது.

இதுக்கு வழி இல்லையா? இருக்கு, ரஷ்யாவைப் பாருங்கோ. அங்கே 1992இலிருந்து 'டென்டி' என்ற பெயரில் விற்றதும் ஃபமிகொமின் குளோன்தான், யானைப் படம் போட்ட பெட்டி. அனுமதி வாங்காத நகல். ஆனால் இன்றைக்கு மெசன், எஃப்.சி.இ.யூ.எக்ஸ் மாதிரியான எமுலேற்றர்களில் என்.ரி.எஸ்.சி, பால் என்ற இரண்டோடு மூன்றாவதாக 'டென்டி' என்ற தெரிவு இருக்கு. சதுர அலையின் வடிவங்களை இடம் மாற்றிக் கேட்கிற தெரிவும் இருக்கு, பழைய குளோன்களின் சத்தத்துக்காகவே வைத்தது. ஒரு நகல் பெட்டியின் ஓசை 'பிழை' என்ற இடத்திலிருந்து 'வகை' என்ற இடத்துக்கு வந்துவிட்டது.

சண்டை நடந்த அன்றிரவு அந்த இரண்டையும் போட்டுப் பார்த்தேன். மரியோ பாட்டு தொடங்கியதும் எங்கட பழைய வீட்டு விறாந்தையும், மாமா பிடித்துக்கொண்டு நிண்ட அன்ரெனாவும் ஞாபகம் வந்தது. நான் கேட்டது அதுதான். யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருத்தன் தன் சின்ன வயசுச் சத்தத்தை ரஷ்யாக்காரனின் யானைக்குக் கீழே தேடி எடுக்கவேண்டி இருக்கு. அவர்களில் எனக்குக் கோபமில்லை. தங்களுடையதை அவர்கள் எழுதி வைத்தார்கள். நாங்கள் எழுதவில்லை, கூட்டத்தில் இருந்து சிரிச்சம்.

அதனால் நான் கேட்பது இரண்டு விசயம். ஒன்று, 'ஒறிஜினல்' என்ற சொல்லை விட்டுவிட்டு எந்த நாடு, எந்தப் பெட்டி, எந்த வேகம் என்று சொல்லுவம். சோனிக் சி.டியை 2011இல் திரும்ப வெளியிட்டபோது இரண்டு இசையையும் வைத்து, விரும்பியதைத் தெரிவுசெய்ய விட்டார்கள். கொம்பனிக்காரனுக்கே அது ஏலும் என்றால் எங்களுக்கு ஏன் ஏலாது? இரண்டு, வீட்டு அலுமாரிக்குள் பழைய ரீவி கேம் இருந்தால் எறியாதேங்கோ. ஓடவிட்டு, சத்தத்தை வயர் போட்டுப் பதிவு பண்ணுங்கோ. பெட்டியில் என்ன பெயர் இருக்கு, கசட்டில் என்ன எழுதியிருக்கு, எந்த ஊரில், எந்த வருசம் வாங்கினது என்று நாலு வரி எழுதி அதோடு வையுங்கோ. கழட்டத் தெரிந்தவர்கள் உள்ளே இருக்கிற சிப்பையும் படம் எடுங்கோ.

என்ர பெட்டி அம்மாவின் அலுமாரிக்குள் இன்னும் இருக்கு. அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாறன். அடப்டர்தான் எரிஞ்சு போச்சு. ஆரிட்டையாவது 9 வோல்ட் ஒண்டு இருந்தால் எடுத்துக்கொண்டு வாங்கோ. சிரிச்ச நண்பனும் கட்டாயம் வரவேணும்.