கூரையில் ஒரு சாளரம்

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் நடுவே ஒரு முற்றம் உண்டு. அதன் வழியே வானம் வீட்டுக்குள் இறங்கி வரும். முற்றமில்லாத பழைய ஓட்டு வீடுகளிலும், ஓடுகளுக்கிடையே இரண்டொரு கண்ணாடி ஓடுகளைப் பதித்து நம் முன்னோர் வெளிச்சத்துக்கு வழி செய்து வைத்தனர். ஆனால் ஊவாவின் தோட்டங்களிலே, முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்ட இரட்டை லயங்களின் நிலை வேறு. அங்கே பின்சுவரும் பக்கச் சுவர்களும் அடுத்த குடும்பங்களுக்கும் பொதுவான சுவர்கள். இஸ்தோப்புப் பக்கத்துக் கதவைத் தவிர வெளிச்சத்துக்கு வழியில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான அந்தக் காம்பராவிலே சாளரம் வைக்க எஞ்சியிருக்கும் ஒரே இடம் கூரைதான். தகரங்களுக்கிடையே பதித்த ஒற்றைக் கண்ணாடித் தகடே அந்த வீட்டின் பகலவன்.

அண்மையில் பசறைக்கு அப்பால் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். உறவினர் வீட்டில், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் ஒருவன் நண்பகலிலே மின்விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தான். அண்ணாந்து பார்த்தோம். கூரைத் தகடு காய்ந்த தேயிலைச் சருகின் நிறத்தில் இருந்தது. அதன் ஓரங்களில் கட்டியாகத் தார் பூசப்பட்டிருந்தது. “ஆறு வருஷத்துக்கு முன்னே போட்டது மாமா, அப்போது ஊசியில் நூல் கோக்கலாம், மழை ஒழுகியது, தார் பூசினோம், இப்போது வெளிச்சமும் இல்லை, ஒழுக்கும் நிற்கவில்லை” என்றார் அவன் தாயார். மின்சாரம் தடைப்படும் நாட்களில் பையன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு இஸ்தோப்புக்குப் போகிறானாம். மழைச் சாரல் அடித்தால் படிப்பும் அத்தோடு நின்றுவிடுகிறது. ஒரு தகடு பழுதானால் ஒரு பிள்ளையின் படிப்பு பழுதாகும் வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. ஆகவே இவ்வாரம் அதைப் பற்றியே பேசுவோம்.

கூரைச் சாளரத்தின் அருமையை மாணவர்கள் ஒரு கணக்கால் உணரலாம். முழுவதும் மேகம் மூடிய நாளில் வானம் எங்கும் ஒரே அளவில் ஒளிர்வதில்லை. தலைக்கு நேர்மேலேயுள்ள பகுதி அடிவானத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பிரகாசமாயிருக்கும். எனவேதான் பனிமூட்டமும் மழையும் மிகுந்த மலைநாட்டில், சுவரிலுள்ள சாளரத்தைவிட அதே அளவான கூரைச் சாளரம் அதிக ஒளியைத் தருகிறது. பிரேசில் நாட்டில் ஆல்பிரெடோ மோசர் என்ற இயந்திரத் தொழிலாளி 2002இல் செய்ததும் இதைத்தான். நீரும் சிறிது ப்ளீச்சிங் திரவமும் நிரப்பிய பிளாஸ்டிக் போத்தலைக் கூரையில் பொருத்தி, இருண்ட அறைக்குப் பகல் விளக்கு ஒன்றை ஆக்கினார். இன்று பல நாடுகளின் ஏழை இல்லங்களில் அது ஒளி தருகிறது.

இனி, இத்தகடு எதனால் கெடுகிறது என்று பார்ப்போம். முதற் பகை வெயில். வெயிலின் புறஊதாக் கதிர்கள் பைபர் தகட்டின் மேற்பூச்சை அரிக்கின்றன. பூச்சுப் போனபின் உள்ளிருக்கும் கண்ணாடி நார்கள் வெளியே தலைகாட்டுகின்றன. அவற்றில் தூசியும் பாசியும் பற்றிக்கொள்கின்றன. தகடு மஞ்சளித்துப் பழுப்பேறுகிறது. இரண்டாவது பகை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. விறகடுப்பின் புகை தகட்டின் அடிப்புறத்தில் கரியாகப் படிகிறது. பழுப்பேறிவிட்டது என்று நாம் கைவிடும் தகடுகள் சில, உண்மையில் கரி மூடியவையே. மூன்றாவது, கிறவிலியா மரத்துச் சருகு. அது தகட்டின் பள்ளங்களில் குவிந்து, நீரைத் தேக்கி, பாசியை வளர்க்கிறது.

துப்புரவு செய்ய ஊவாவின் பருவமே நமக்கு நாட்காட்டி. ஆடி, ஆவணியில் வீசும் வறண்ட கச்சான் காற்று தேயிலைக்கு மணத்தைக் கொடுக்கும். கூரைக்கோ புழுதியைக் கொடுக்கும். அக்காற்று ஓய்ந்தபின், ஐப்பசி மழை பிடிக்குமுன், புரட்டாதியில் ஒருமுறை கழுவவேண்டும். மழைக்காலம் கழிந்து மாசியில் மறுமுறை. தகடு குளிர்ந்திருக்கும் காலை வேளையே உகந்தது. சுடும் தகட்டில் சவர்க்கார நீர் உடனே காய்ந்து கறையாகிவிடும். முதலில் நிறைய நீர் ஊற்றிப் புழுதியைப் போக்குங்கள். பின்னர் சவர்க்கார நீரில் தோய்த்த மென்மையான துணியை நீண்ட கம்பில் கட்டித் துடையுங்கள். சாம்பல், மணல், தேங்காய்த் தும்பு ஆகியவை பாத்திரத்துக்கு நல்லவை, தகட்டுக்கு எமன். மண்ணெண்ணெய், பெற்றோல், தின்னர் முதலியவற்றை அருகிலும் கொண்டுபோகாதீர்கள். பொலிகாபனேற்றுத் தகட்டில் அவை மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். எண்ணெயில் கரைத்த தாரும் அப்படியே. நார் வெளிப்பட்ட பைபர் தகட்டை வெறுங்கையால் தடவினால் கை அரிக்கும். கையுறை அணிவது நலம். அடிப்புறத்துக் கரியை மாதம் ஒருமுறை துடைத்தால் போதும்.

ஒழுக்கைப் பற்றிச் சொல்லவேண்டியது நிறைய உண்டு. கூரையிலிருந்து சொட்டுவதெல்லாம் ஒழுக்கன்று. வானம் தெளிந்த குளிர்ந்த விடியலில் சொட்டினால், அது வீட்டுக்குள்ளிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த தகட்டில் பட்டு நீரானது. அதற்கு மருந்து தாரல்ல, காற்றோட்டம். மழை பெய்யும்போது மட்டும் சொட்டினால்தான் ஒழுக்கு. அதன் காரணம் பெரும்பாலும் ஆணித்துளையே. வெப்பத்தில் இரும்பு விரிவதைவிடப் பொலிகாபனேற்று ஐந்து மடங்குக்கு மேல் விரியும். பண்டாரவளைப் பக்கத்தில் இரவில் குளிர்ந்து நடுப்பகலில் கொதிக்கும் எட்டடித் தகடு ஒன்று, நாற்பது பாகை வெப்ப மாற்றத்துக்கு ஏறக்குறைய ஆறு மில்லிமீற்றர் நீண்டு சுருங்குகிறது. ஆணியை இறுக அறைந்துவிட்டால் அது எங்கே போகும்? துளையைச் சுற்றி வெடிக்கும். ஆகவே ஆணி அறையாமல், ஆணியின் பருமனைவிடச் சற்றுப் பெரிய துளையிட்டு, றப்பர் வளையத்துடன் திருகாணி பூட்டவேண்டும். வளையம் நசுங்குமளவு இறுக்கக் கூடாது. துளை எப்போதும் நெளியின் மேட்டிலேயே இருக்கட்டும். பள்ளத்தில் நீர் ஓடும், மேட்டில் ஓடாது. மேல் தகரம் கீழ்த் தகட்டின்மேல் ஆறங்குலமாவது ஏறியிருக்கவேண்டும்.

புதுத் தகடு வாங்குவோர் இரண்டை மறவாதிருக்கவேண்டும். நெளியின் அளவு பழைய தகரத்தின் நெளியோடு பொருந்தவேண்டும். பொருந்தாத தகட்டை எந்தத் தாராலும் பொருத்த முடியாது. அடுத்து, பல தகடுகளில் ஒரு பக்கத்துக்கு மட்டுமே வெயிலைத் தாங்கும் பூச்சு உண்டு. எந்தப் பக்கம் வானத்தைப் பார்க்கவேண்டும் என்பதை மேலொட்டிய தாளில் அச்சிட்டிருப்பார்கள். தலைகீழாகப் போட்டால் பத்தாண்டு உழைக்கவேண்டியது சில ஆண்டுகளிலேயே போய்விடும். பூட்டி முடித்ததும் அந்தத் தாளை உரித்துவிடுங்கள். வெயிலில் விட்டால் ஒட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் பெரிய எச்சரிக்கை ஒன்று. கூரைத் தகட்டின்மேல் காலை வைக்காதீர்கள். தூசி படிந்த பழைய தகட்டுக்கும் தகரத்துக்கும் மேலிருந்து பார்த்தால் வேற்றுமை தெரியாது. பாரம் பட்டதும் கண்ணாடிபோல் உடையும். தகடு மாற்ற ஏறுவோர், சட்டங்களின் குறுக்கே பலகை போட்டு அதன்மேல் நிற்கட்டும். ஈரக் கூரையில் ஒருவரும் ஏறவேண்டாம். அஸ்பெஸ்ரஸ் கூரையாயின் அதை அறுப்பதும், துளைப்பதும், உரசிக் கழுவுவதும் ஆகாது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கொடிய தீங்கு.

“கூரை எங்களுடையதா, நாங்கள் ஏன் பராமரிக்கவேண்டும்?” என்று சிலர் கேட்பது நமக்குத் தெரியும். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போயிற்று. லயத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களிற் பெரும்பாலோருக்கு அந்தக் கூரை மட்டும் சொந்தமாகவில்லை. இந்திய உதவியுடன் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கென 4,000 தனி வீடுகள் அமைக்கும் திட்டம் வந்தது; ஆயினும் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் லயங்களிலேயே இருக்கின்றன. உடைந்த தகட்டை மாற்றித் தரும்படி கேட்பது உரிமை. அதை வாயால் கேட்காமல், ஒரு லயத்தார் ஒன்றுசேர்ந்து, திகதியிட்டு எழுதிக் கொடுத்து, பிரதி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உரிமை வந்துசேரும்வரை பிள்ளை இருட்டில் இருக்கவேண்டுமா? கூரை யாருடையதாயினும் அதன் வழியே வரும் வெளிச்சம் நம் பிள்ளையுடையது.

பசறை வீட்டுக்கதையை முடிக்கவில்லையே! அன்று பின்னேரம் மேசைமேல் ஏறி, கம்பிலே துணி கட்டி, தகட்டின் அடிப்புறத்தைச் சவர்க்கார நீரால் துடைத்தோம். வாளித் தண்ணீர் மையாகக் கறுத்தது. மேற்புறத்தின் பழுப்பு போகவில்லை. தகட்டை என்றோ ஒருநாள் மாற்றத்தான் வேண்டும். ஆயினும் மின்விளக்கை அணைத்துவிட்டுப் பையன் புத்தகத்தைத் திறந்தான். எழுத்துத் தெரிந்தது. உங்கள் வீட்டிலும் இன்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.