பழைய பாட்டு பாடச் சொன்ன மச்சானுக்கும் மற்றவர்களுக்கும்



கொஞ்சம் நீளமான பதிவு. படிக்காமல் லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது என்று உங்களுக்குத் தெரியும். இப்போது நேரமில்லை என்றால் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள்.

போன ஆனி மாதம் நம் வீட்டில் காதுகுத்து. பந்தி முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்த நேரம், மண்டபத்தில் மைக் சும்மா கிடந்தது. என் தங்கையின் பேத்தி, ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறவள், செல்போனில் சுருதி வைத்துக்கொண்டு 'முத்த மழை' பாடினாள். பாதிப் பாட்டுகூட முடியவில்லை. மச்சான் ஒருவர் நாற்காலியில் சாய்ந்தபடியே, "ஏம்மா, பழைய பாட்டா ஒண்ணு பாடு. இதெல்லாம் ஒரு பாட்டா? என்ன சொல்றான்னே வெளங்கல" என்று மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். நாலு பேர் சிரித்தார்கள். பிள்ளை மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டுத் தன் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

மச்சான் யார் என்று எழுதப் போவதில்லை. அவரும் இதைப் படிப்பார். அவரைவிட எனக்கு என் மேல்தான் கோபம். நான் முதல் வரிசையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. விசேஷ வீட்டில் எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். அப்போது பேசாததற்கு இப்போது பேசுகிறேன்.

"இப்ப வர்றதெல்லாம் பாட்டா, வெறும் சத்தம்" என்று நம் குடும்பக் குழுவில் வாரம் ஒரு செய்தி வருகிறது. அனுப்புகிறவர்கள் எல்லோரும் என் வயதுக்காரர்கள். அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. கடைசியாக எந்தப் புதுப் பாட்டை முதலிலிருந்து முடிவு வரைக்கும் கேட்டீர்கள்? டீக்கடையில் காதில் விழுந்தது, பேரன் செல்லில் அரை நிமிஷம் ஓடியது, இதெல்லாம் கணக்கில் வராது. விடைத்தாளைப் பிரிக்காமலேயே முட்டை போடுகிற வாத்தியாரை நீங்கள் சும்மா விட்டிருப்பீர்களா?

அப்படி முட்டை போட்டவன்தான் நானும். 1992இல் 'ரோஜா' வந்த புதிது. பின் பெஞ்சில் ஒரு பையன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'சின்னச் சின்ன ஆசை' பாட்டை முத்து முத்தாக எழுதி வைத்திருந்தான். நான் அதை வகுப்பில் கேலியாக வாசித்துக் காட்டி, "கம்ப்யூட்டரைத் தட்டி வர்ற பாட்டு, ரெண்டு வருஷம் தாங்காதுடா" என்றேன். அவனையே அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொன்னேன். அந்த வருஷம் ரகுமானுக்கும், அந்தப் பாட்டை எழுதிய வைரமுத்துவுக்கும் தேசிய விருது கிடைத்தது. 33 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, பாட்டு அப்படியே இருக்கிறது. என் தீர்ப்புதான் தாங்கவில்லை. அந்தப் பையன் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறான், என் பதிவுகளைத் தவறாமல் படிக்கிறான். தம்பி, அந்தப் பக்கத்துக்கு நான் உனக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

எனக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? 1976இல் 'அன்னக்கிளி' பாட்டு ரேடியோவில் வந்தால் எங்கள் அப்பா எழுந்து வந்து நிறுத்திவிடுவார். அவருக்கு பாகவதர்தான் எல்லாம். அவருடைய அப்பாவுக்கு சினிமாவே ஆகாது, விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் பார்த்தவர். ஆளாளுக்குத் தன் இருபது வயதில் கேட்டதோடு சங்கீதம் முடிந்துவிட்டது.

2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி தேசிய விருதுகள் அறிவித்தார்கள். 'வாத்தி' படப் பாடல்களுக்காக ஜி.வி. பிரகாஷுக்குச் சிறந்த இசையமைப்பாளர் விருது. (படத்தின் பெயருக்காகவே நான் இனிப்பு வாங்கினேன், அது வேறு.) இந்த ஜி.வி. பிரகாஷ் யார்? 1993இல் 'ஜென்டில்மேன்' படத்தில் ரயில் பாட்டின் ஆரம்பத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் குரல் வருமே, அந்தப் பிள்ளைதான். 'வாத்தி'யில் 'வா வாத்தி' பாடியது ஸ்வேதா மோகன். அவருடைய அம்மா சுஜாதா, நான் கேலி செய்த அதே 'ரோஜா'வில் 'புது வெள்ளை மழை' பாடியவர். 1995இல் 'இந்திரா' படத்தில் 'நிலா காய்கிறது' பாடிய ஹரிணியை மறந்திருக்க மாட்டீர்கள். அவருக்கும் பாடகர் திப்புவுக்கும் பிறந்த பையன் சாய் அப்யங்கர். 2024இல் 'கட்சி சேர' என்று படமே இல்லாமல் ஒரு பாட்டுப் போட்டு ஊரையே ஆட வைத்தான். சூர்யாவின் 'கருப்பு' படத்துக்கும் அவன்தான் இசை. நீங்கள் கொண்டாடுகிற பழைய பாட்டின் பிள்ளைகள்தான் இன்றைக்குப் பாடுகிறார்கள். தாயைத் தலையில் வைத்துக் கொண்டாடிவிட்டு, பிள்ளை வாசலில் வந்து நின்றால் யாரென்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

இளையராஜா ரசிகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் 2025 மார்ச் 8ஆம் தேதி, 81 வயதில், லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை வைத்து 'வேலியன்ட்' என்று புது சிம்பொனியை அரங்கேற்றியவர் அவர். அந்த மனுஷனே நின்ற இடத்தில் நிற்கவில்லை. நீங்கள் ஏன் ஐயா 1985இலேயே நிற்கிறீர்கள்?

சரி, நம் ஊருக்கே வருவோம். மணப்பாறை மாட்டைப் பற்றி டி.எம்.எஸ். பாடியது இல்லாமல் நம் ஊரில் ஒரு விழா நடந்திருக்கிறதா? 1957, 'மக்களைப் பெற்ற மகராசி', கே.வி. மகாதேவன் இசை, மருதகாசி எழுதியது. அதே படத்தில் இருக்கிற மற்றப் பாட்டுகளைச் சொல்லுங்கள் பார்ப்போம். ஒன்று, மிஞ்சினால் இரண்டு சொல்வீர்கள். மிச்சம் எங்கே? அந்த வருஷம் வந்த மற்றப் படங்களின் பாட்டெல்லாம் எங்கே? முறுக்குக்கு மாவு சலிக்கிற மாதிரி காலம் சலித்துக் கொடுத்ததை நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்கள். இந்த வருஷத்துப் பாட்டு இன்னும் சல்லடையில்தான் கிடக்கிறது. சலித்த மாவையும் சலிக்காத மாவையும் தராசில் வைத்து எடை போடுகிறீர்கள். இது கணக்கே தப்பு.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. பல பாட்டுகளில் வாத்தியச் சத்தத்துக்குள் வார்த்தை மூழ்கிப்போகிறது. மச்சான் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. தியேட்டரில் சத்தத்தை ஏற்றி வைத்துக் காதைப் புண்ணாக்குகிறார்கள். அரை நிமிஷ வீடியோவுக்கென்றே பாட்டுப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்காக 'முத்த மழை'யைப் போய் அந்தக் கூடையில் போடலாமா? பதிவில் தீ பாடியிருக்கிறார். மே மாதம் இசை வெளியீட்டு விழாவுக்கு அவர் வர முடியாததால் சின்மயி மேடையில் பாடினார். யார் பாடியது உசத்தி என்று ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. நான் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். தீயின் குரலில் ஒரு வீம்பு இருக்கிறது, சின்மயி பாடும்போது அதே வரி இறைஞ்சுகிறது. ஒரே ராகத்தை இரண்டு வித்வான்கள் பாடினால் உட்கார்ந்து ரசிக்கிறோமே, அதேதான் இது. பாடகிகளைப் பற்றி இப்படித் தெருவில் நின்று சண்டை போடுகிற தலைமுறையைப் பார்த்து சங்கீதம் தெரியாதவர்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

கோபப்பட வேண்டுமா, இதற்குப் படுங்கள். 'நாயகன்' வந்து 38 வருஷம் கழித்து மணிரத்னமும் கமலும் சேர்ந்திருக்கிறார்கள் என்று ஜூன் மாதம் இங்கிருந்து திருச்சிக்கு பஸ் ஏறிப் போய் 'தக் லைஃப்' பார்த்தேன். இந்தப் பாட்டு எப்போது வரும் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். படத்தில் பாட்டே இல்லை! வெட்டிவிட்டார்கள். பிள்ளைகள் நல்ல பாட்டாகப் பார்த்துத்தான் எடுத்துப் பாடுகிறார்கள். படம் எடுக்கிறவர்களுக்குத்தான் அதை வைக்க இடமில்லை. மச்சான் அன்றைக்குப் போட்ட சத்தத்தை அங்கே போய்ப் போட்டிருந்தால் நானும் கூட நின்றிருப்பேன்.

2025 ஆகஸ்ட் 14ஆம் தேதி 'கூலி'. நான் போகிறேன். 1975 ஆகஸ்டில் 'அபூர்வ ராகங்க'ளில் கேட்டைத் திறந்துகொண்டு வந்த ஆளுக்கு இது ஐம்பதாவது வருஷம். 'மிஸ்டர் பாரத்'துக்குப் பிறகு ரஜினியும் சத்யராஜும் சேர்ந்து நடிக்கிறார்கள், அந்தப் படம் வந்தது 1986இல். முதலில் வந்த பாட்டில் அனிருத்தோடும் அறிவோடும் சேர்ந்து டி. ராஜேந்தர் பாடியிருக்கிறார். அப்போது அவருக்கு 70 வயது. அவரைக் கூப்பிட்டுப் பாடவைத்த அனிருத்தைத்தான் "பெரியவங்க மதிப்பு தெரியாதவன்" என்று நம் குழுவில் எழுதுகிறீர்கள். ஒரே வருத்தம், படத்துக்கு 'ஏ' சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். 13 வயதுப் பேரன் ஒரு வாரமாக என்னோடு பேசுவதில்லை, ஏதோ நான்தான் தணிக்கைக் குழுவில் இருந்த மாதிரி. 2025 தீபாவளிக்கு மாரி செல்வராஜின் 'பைசன்', அதற்குக் கூட்டிப்போகிறேன் என்று சமாதானம் செய்துகொண்டிருக்கிறேன். படம் எப்படி இருக்குமோ, போய்த்தான் பார்க்க வேண்டும். நன்றாக இல்லாவிட்டால் திட்டுவேன். ஆனால் பார்த்துவிட்டுத்தான் திட்டுவேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போய், அன்றைக்குப் பேசாமல் இருந்ததற்கு அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல தாத்தா" என்றாள். ஆவணியில் நம் வீட்டு வளைகாப்பு இருக்கிறதே, அதில் முழுப் பாட்டையும் பாடும்மா என்றேன். "வேணாம் தாத்தா, எல்லாரும் சிரிப்பாங்க" என்றாள். பாட்டு கிளாஸுக்கும் மூன்று வாரமாகப் போகவில்லையாம். இது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ரொம்ப நேரம் கெஞ்சிய பிறகு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

மச்சான், நான் சொல்லி அவள் பாடப் போவதில்லை. நீங்கள் ஒரு போன் போட்டுப் பேசுங்கள். நம்பர் தங்கையிடம் இருக்கிறது. சாயந்தரம் ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருப்பாள்.